மூன்று மணி அடித்தால் ஆள் ஏறுகிறது

என் தாத்தாவை மைன்ஸில் வேலைக்கு எடுத்தபோது அவர் ஒரு எழுத்தைக்கூடப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். உள்ளங்கை காய்த்திருக்கிறதா என்று மேஸ்திரி தொட்டுப் பார்த்தார். "நம்ம ஊருப் பையன்" என்று அவர் சொன்னதுதான் சிபாரிசுக் கடிதம், நடத்தைச் சான்றிதழ் எல்லாம். பெருவிரலை மையில் ஒற்றி வைத்ததும் எண் பொறித்த பில்லை ஒன்று கைக்கு வந்தது. மறுநாள் சங்கு ஊதியதும் கூண்டில் இறங்கிவிட்டார்.

இதை நான் எழுதவில்லை, சொல்கிறேன். போன் கேட்டு எழுதிக்கொள்கிறது, பிழைகளை என் மகள் திருத்துகிறாள். எனக்கு டிஸ்லெக்சியா. கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எத்தனை டன் எடுத்தார்கள் என்று எழுதுவார்கள். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல், தங்கம் 800 டன்னுக்கு மேல், சரிதான். வேலை தேடி அலைந்தவன் என்பதால் எனக்கு வேறொரு கணக்கில்தான் அக்கறை. இந்த ஊரில் ஒருவன் வேலைக்குச் சேர எந்தக் காலத்தில் எவ்வளவு எழுத்து தேவைப்பட்டது என்ற கணக்கு.

தொடக்கத்தில் கிட்டத்தட்ட எதுவும் தேவைப்படவில்லை. நியூசிலாந்தில் போருக்குப் போய்விட்டு பெங்களூரில் குடியேறிய லாவெல் என்ற ஐரிஷ்காரர் 1871-இல் இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்து தங்கம் தேடினார். மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார், பணம் போதவில்லை, கைமாற்றிவிட்டார். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தபிறகுதான் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் நிலைத்தன. மேலே வெள்ளைக்காரர்கள்; அவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் பழகியவர்கள். நடுவே ஆங்கிலோ இந்தியர்களும், ரைட்டர்களும், கிளார்க்குகளும். அடியில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த எங்கள் ஆட்கள். பெரும்பாலும் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட சாதியினர், ஊரில் பள்ளிக்கூடத்துத் திண்ணையில்கூட உட்கார விடப்படாதவர்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இந்த வயலில் எழுத்து என்பது நடு அடுக்கில் ஒரு சிலர் தலையில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாரும் காதாலும் கையாலும் வேலை செய்தார்கள்.

ஊர்ப் பெயர்களே அதற்குச் சாட்சி. கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, எங்கள் ஸ்கெலட்டன். எழுத்துக்கூட்டத் தெரியாத ஜனங்கள் இந்த இங்கிலீஷ் பெயர்களையெல்லாம் காதால் வாங்கி, நாக்கில் உருட்டி, சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஸ்கெலட்டன் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பெயரால் வந்த தொல்லை வேறு. விண்ணப்பத்தில் முகவரி என்ற கட்டம் வந்ததும் அதை இங்கிலீஷில் எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

சுரங்கத்துக்குள் அந்தத் தொல்லை கிடையாது. கூண்டை இயக்குகிற வைண்டிங் இன்ஜின்காரர் மேலே எங்கோ உட்கார்ந்திருப்பார். கீழே நிற்கிறவரை அவர் பார்க்க முடியாது. இருவருக்கும் நடுவே இருந்தது மணி மட்டும். ஓடுகிற கூண்டுக்கு ஒரு அடி என்றால் நிறுத்து. நிற்கிற கூண்டுக்கு ஒரு அடி என்றால் தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறது, பார்த்து நடத்து. மேலிருந்து அதே மூன்று திரும்பி வந்தால்தான் காலை உள்ளே வைக்கலாம். தகரத்தில் எழுதி மாட்டியும் இருப்பார்கள், ஆனால் அந்த விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் படித்து மணி அடித்தவர் ஒருவரும் இல்லை என்று என் நைனா, அதாவது அப்பா, சொல்வார். உயிர் அந்த மணியில் தொங்கியது, அதனால் அது விரலில் ஏறி நின்றது.

நைனா டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. ஷிப்டு தொடங்குவதற்கு முன் இரும்புக் கம்பியால் மேல்பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று கேட்டால் கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், அதன் கீழே நிற்கக் கூடாது. இங்கே பாறை திடீரென்று வெடித்துச் சிதறும், ஏர்பிளாஸ்ட் என்போம். ஊரே குலுங்கும், வீட்டில் பாத்திரங்கள் உருளும், பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். அந்த ஆழத்தில் கம்பியின் சத்தத்தை வைத்து நிற்கலாமா ஓடலாமா என்று முடிவு செய்தவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று கணக்கெடுப்பில் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள். எனக்கு அது இன்றுவரை ஒப்பவில்லை.

நைனாவுக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவரைத் தாண்டி மேட் ஆனார்கள், பிளாஸ்டர் ஆனார்கள். அதற்கெல்லாம் பரீட்சை உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு. அவரைக் கேட்டால் "பேப்பர் வேலை நமக்கு எதுக்குடா" என்பார். நாலாவது வரை பள்ளிக்கூடம் போனவர்தான். பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார், பக்கம் திருப்புவார், எனக்கோ அம்மாவுக்கோ ஒரு வரிகூடப் படித்துக் காட்டியதில்லை. அவருக்கும் எனக்கு இருப்பதுதான் இருந்திருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு. கேட்டிருக்க முடியாது. கேட்பதற்கு அன்றைக்கு எங்கள் லைன் குடியிருப்பில் அப்படியொரு பெயரே இல்லை.

உலகத்தில் இருந்தது. ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1887-இல் டிஸ்லெக்சியா என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இங்கே சாம்பியன் லோடு தங்கப்படிவத்தில் தங்கம் வாரிக்கொண்டிருந்த அதே பத்தாண்டு. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்று பெயர். கண்ணில் குறையில்லை, கணக்கு வருகிறது, விளையாட்டில் சுறுசுறுப்பு. எழுத்து மட்டும் ஏறவில்லை, தன் பெயரையே மாற்றி எழுதுகிறான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் குறித்திருக்கிறார். மகள் இதைப் படித்துச் சொன்னபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தப் பையனை அந்த வருஷம் கப்பலேற்றி இங்கே அனுப்பியிருந்தால், முழுக்க வாய்மொழியாக நடக்கிற ஒரு ஊர் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. எழுத்தில்லாதவனைக் கம்பெனி விரும்பியது அவன் மேல் இரக்கத்தால் அல்ல. அவன் கணக்குக் கேட்க மாட்டான். முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பது மேஸ்திரியின் வாயிலும் ரைட்டரின் நோட்டிலும் இருந்தது. தாத்தாவின் மூச்சைச் சோதித்து எடுத்தார்களே, அந்த நெஞ்சு என்ன ஆயிற்று? 1940-களில் இந்த வயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் 43.7 விழுக்காட்டினருக்குப் பாறைத்தூளால் வருகிற சிலிக்கோசிஸ் இருந்தது. எழுத்தைக் கேட்காத வேலை நுரையீரலைக் கேட்டது. தாத்தா இருமி இருமியே போனார்.

பெருவிரல் மையின் கதையும் அவ்வளவு எளிதல்ல. தாத்தா சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1930-இல், அதற்காகவே இங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் விரல்ரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் சொல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வாரம் ஷாஃப்டில் இறங்கவில்லை. அப்போது சொல்லிக்கொள்ளும்படி ஒரு சங்கம்கூட இல்லை. ரேகை என்பது திருடனிடம் எடுப்பது. நாங்கள் என்ன திருடர்களா என்பதுதான் கேள்வி. அதற்குள் ஒரு நடைமுறைப் பயமும் இருந்தது. ஒரு சுரங்கத்தில் விலக்கப்பட்டவன் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சுரங்கத்தில் சேரலாம். ரேகையை மாற்ற முடியாது.

இன்னொரு தங்கவயலிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் இருக்கிற டிரான்ஸ்வாலில் 1906-இல் இந்தியர்கள் பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். காந்தியின் முதல் சத்தியாகிரகம் அது. தமிழர்கள் நிறையப் பேர் சிறைக்குப் போனார்கள். 1908 தொடக்கத்தில் ஓர் உடன்பாடு வந்தபோது படித்தவர்களுக்குக் கையெழுத்தே போதும், மற்றவர்களுக்கு ரேகை என்று ஒரு சலுகை வந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்த காந்தி அந்தச் சலுகையை ஏற்காமல் தன் பத்து விரல் ரேகையையும் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இதுதான். உப்பெல்லாம் பிறகுதான்.

இந்த ஊரில் எழுத்தை ஆயுதமாக எடுத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியபோது, அதற்குப் பெரும் ஆதரவு தங்கவயலின் தமிழ் பௌத்தர்களிடமிருந்து வந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கம் வைத்தார்கள். பண்டிதர் 1914-இல் இறந்தபிறகு, 1920-களில் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து 'தமிழன்' இந்த வயலிலிருந்தே மறுபடி வந்தது. சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பகலில் பாறை உடைத்தவர்கள் ராத்திரியில் காசு சேர்த்துப் புத்தகம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பெரிய ஊர்கள் பலவற்றில் இல்லாத பெருமை இது.

என் போன்றவனுக்கு அந்தப் பெருமையின் நிழல் கொஞ்சம் கனமானது. சாதியால் மறுக்கப்பட்ட எழுத்தைப் போராடி வாங்கிக் கொடுத்தார்கள் முன்னோர்கள். வாங்கிக்கொள்ளத் தெரியாத பிள்ளை துரோகி மாதிரி. "படிப்பு வரலை" என்று எங்கள் வீடுகளில் யாரும் சொல்ல மாட்டார்கள், "படிக்க மாட்டேங்கிறான்" என்பார்கள். எனக்குப் பள்ளியில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று மூன்று லிபிகள். தமிழில் 'ன'வும் 'ண'வும் சுழியைப் பரிமாறிக்கொள்ளும். கன்னடத்தில் எல்லாமே உருண்டை. இங்கிலீஷில் 'பி'யும் 'டி'யும் முதுகைத் திருப்பிக்கொள்ளும். ஆசிரியர் உரக்கப் படித்தால் ஒரு தடவையில் பாடம் முழுவதும் மனப்பாடம். அதனால்தான் அடி அதிகம். இவ்வளவு புத்தியுள்ளவன் எழுத மறுக்கிறான் என்றால் அது திமிராகத்தானே இருக்க வேண்டும்?

ஆனாலும் எங்களுக்குக் கவலை இல்லை. அப்பனுக்குப் பிறகு பிள்ளை மைன்ஸுக்குப் போவான் என்பது ஊர் வழக்கம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசிடம் போயின, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நிர்வாகம் மாறியது, மணி மாறவில்லை. நான் வளர்ந்தபோது தாதில் தங்கம் குறைந்து, எடுக்கிற செலவு விற்கிற விலையை மிஞ்சிவிட்டிருந்தது. புது ஆள் எடுப்பது நின்றுபோயிற்று. 2001 பிப்ரவரி கடைசியில் மூடியே விட்டார்கள். நைனா கைக்கு ஒரு தொகை வந்தது. அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. சங்கத்தில் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் வேலை என்பது அதற்குப் பிறகு ரயிலாயிற்று. மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன் ஏறினால் பங்காரப்பேட்டை வழியாக பெங்களூர், ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். ராத்திரி அதே வழியில் திரும்பி வரலாம். ரயில் நிறைய எங்கள் ஆட்கள். ஏர்பிளாஸ்டுக்கு அஞ்சாதவர்களின் பிள்ளைகள் ஒரு பக்க விண்ணப்பத்துக்கு அஞ்சி உட்கார்ந்திருந்ததை நான் அந்தப் பெட்டியில் பார்த்தேன். என்னைவிடப் படித்தவர்களும் அதில் உண்டு, கன்னடம் சரளமாக வராத பயம் அவர்களுக்கு. என் பயத்துக்கு அந்த மாதிரி கௌரவமான பெயர் எதுவும் இல்லை.

வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் முதலில் ஒரு பேனா நீட்டப்பட்டது. பெட்டி தூக்குகிற வேலைக்குக்கூட. "கண்ணாடி மறந்துட்டேன், நீங்களே எழுதிக்குங்க சார்" என்பது சில இடங்களில் செல்லும். இருபத்தைந்து வயதுக்காரன் அதைச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போவார் எங்கள் லைன் அண்ணன் ஒருவர், காயம் என்று சொல்லி யாரையாவது எழுத வைப்பார். அவரிடம் நான் கற்றுக்கொள்ளாத வித்தை அது. செக்யூரிட்டி வேலை கிடைத்தது. வருகிற வண்டி எண், ஆள் பெயர், நேரம் எல்லாம் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வந்தவர்களையே எழுதச் சொல்லி மரியாதையாக நோட்டை நீட்டுவேன். எண் ஒன்றும் மறக்காது. பகலில் வந்த வண்டிகளின் எண்ணை ராத்திரி வரிசையாகச் சொல்வேன். சூப்பர்வைசர் ஒருநாள் நேற்றுச் சம்பவத்தை ஒரு பக்கம் ரிப்போர்ட்டாக எழுதித் தரச் சொன்னார். வாயால் சொல்கிறேன் என்றேன். எழுதித்தான் தர வேண்டும் என்றார். அடுத்த மாதம் அந்த நிறுவனத்துக்கு நான் தேவைப்படவில்லை.

நைனாவின் மர வேலைதான் காப்பாற்றியது. கட்டடத்தில் சென்ட்ரிங், பிறகு தச்சு. தச்சுப் பட்டறையில் வேலைக்கு ஆள் எடுப்பது பழைய மைன்ஸ் மாதிரி: "ஒரு மூட்டுப் போட்டுக் காட்டு." காட்டினேன். மேஸ்திரி கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். "நாளைக்கு வா தம்பி." என் தம்பி முறைக்காரன் ஒருவனுக்கும் என்னைப் போலத்தான், அவனுக்கு ஸ்டியரிங் பிடித்தால் போதும், எந்தச் சந்திலும் வண்டியை நுழைத்துவிடுவான். வாடகை வண்டி ஓட்டும் உரிமத்துக்கு எட்டாவது தேர்ச்சி வேண்டும் என்று மோட்டார் வாகன விதியில் இருந்ததால் வருஷக்கணக்கில் கிளீனராகவே இருந்தான். ஓட்டத் தெரிந்தவனுக்கு எட்டாவது எதற்கு என்ற கேள்வி டெல்லிக்கு எட்டி, மத்திய அரசு அந்த நிபந்தனையை எடுக்க 2019 ஆனது.

இப்போது பட்டறையைப் பெரிய கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. உள்ளே நுழைய விரல் வைக்க வேண்டும். மெஷின் பெருவிரலைப் பார்த்து 'டிங்' என்கிறது, கதவு திறக்கிறது. என் தாத்தாவுக்கு முன்பு சேர்ந்தவர்கள் மூன்று வாரம் பட்டினி கிடந்து எதிர்த்தது இதைத்தான், தெரியும். ஆனால் பேனா நீட்டாத கதவு எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். கம்பெனிக்காரர்கள் ரேகையை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்ற பழைய சந்தேகமும் போகவில்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்கின்றன. இன்னொரு கூத்து: இழைப்புளியும் உப்புத்தாளும் தேய்த்துத் தேய்த்து என் ரேகை மழுங்கிவிட்டது. சில காலைகளில் மெஷின் என்னை யாரென்று தெரியாது என்கிறது. அப்போது கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள்.

சட்டம் வராமல் இல்லை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எங்கள் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை வைத்தது, அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் மொத்தம் 4 விழுக்காடு ஒதுக்கீடு. அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் சேர்ந்திருப்பவர்கள் ஆகியோரோடு நாங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மைன்ஸ் மூடிப் பதினாறு வருஷம் கழித்து வந்த இந்தக் கதவு எனக்குத் திறந்தபோது அரசு வேலைக்கான வயது தாண்டிவிட்டது. தனியார் பட்டறைக்கு அந்த ஒதுக்கீடும் இல்லை.

சோதனை முறையும் குழந்தைகளுக்கானது. பயன்படுத்துவது பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. 2018 வழிகாட்டுதலில் எட்டு வயதிலிருந்து சான்றிதழ், பதினாலில் மறுசோதனை, பதினெட்டில் கடைசிச் சோதனை; பதினெட்டில் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது. முதல் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியது வகுப்பு ஆசிரியர், மேலே அனுப்ப வேண்டியது பள்ளி. அந்த வழியில் என் மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவளுடைய டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் பாதிக் கேள்விகள் என்னைப் பற்றியவை என்று எனக்கும் அவருக்கும் புரிந்தது.

எங்கள் லைனில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பத்தாவதில் நின்றுவிட்டான், மோட்டார் ரிப்பேரில் கெட்டிக்காரன், சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிறான். அவனுடைய அம்மாவிடம் பேசியிருக்கிறேன்: பதினெட்டு முடிவதற்குள் அவன் படித்த பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்க வேண்டும். "அவன் பேரை வெட்டிட்டாங்களேண்ணா, யாரு குடுப்பாங்க?" என்கிறாள். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன். மனுவை மகள் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். அவளுக்கும் எழுத்துப்பிழை வரும், போனில் சரிபார்த்துக்கொள்வோம்.